கரித்தூளுக்கு ஒரு விலை

உள்ளறையில் இஸ்திரிப் பெட்டியை ணங்கென்று நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. அதுவரை சட்டையின் மேல் போய்வந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. தம்பி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான் என்பது முன்னறையில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குத் தெரிந்துபோயிற்று.

"விளையாட்டுக்குக் கேக்கலம்மா," என்றார் எதிர் நாற்காலியில் இருந்த செங்கல் சூளைக்காரர். "உங்க ஆலைக் கொதிகலனுக்கு லாரி லாரியாப் போகுதே கரித்தூள், அதை நாங்க விலைக்கு எடுத்துக்கறோம். யார்கிட்டப் பேசணும்னு கேட்டா, கேட்ல நிக்கிறவர்லேருந்து டீக்கடைக்காரர் வரைக்கும் உங்களைத்தான் கை காட்டுறாங்க."

"அதுல பாதிப் பேருக்கு இவ பேரு தெரியாது," என்று அவள் கணவர் சிரித்தார். "கோட்டக்கான்னாத்தான் தெரியும். கட்டிக்கிட்ட எனக்கே சில நாள் பேரு சட்டுனு வாயில வர மாட்டேங்குது."

கணவர் டாக்ஸி ஓட்டுகிறவர். அன்று ஞாயிற்றுக்கிழமை. ரயிலடியில் சவாரிக்கு நின்றவர் இந்தப் பெரியவரை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போயிருக்கிறார். ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. வந்த காரியம் என்னவென்று விசாரித்ததும், "அட, அது எங்க வீட்டு சமாசாரமாச்சே" என்று நேரே வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். எதை உள்ளே அழைத்து வந்திருக்கிறோம் என்று அந்த நல்ல மனுஷருக்குத் தெரியாது.

கோட்டக்கா சிரிக்கவில்லை. டீத் தம்ளரின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவள் ஏன் சிரிக்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால், அவள் பார்க்கிற வேலையைச் சொல்ல வேண்டும்.

அந்தப் பக்கத்தில் மண்ணைத் தோண்டினால் எண்ணெய் வராது, கரிதான் வரும். கப்பலில் வருகிற கச்சா எண்ணெயின் விலை எகிறிக் கிடந்த காலத்தில், கரியிலிருந்தே பெட்ரோலும் டீசலும் செய்துகொள்வோம் என்று அந்த ஆலையைக் கட்டினார்கள். கரியை உலையில் போட்டு, நீராவியும் பிராணவாயுவும் செலுத்தி வாயுவாக்குவார்கள். அந்த வாயுவை மறுபடி சேர்த்து இறுக்கி எண்ணெயாக்குவார்கள். செய்ய முடியுமா என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கட்டுப்படியாகுமா என்பதுதான் ஆலை பிறந்த நாள் முதல் கேள்வி. கச்சா விலை உச்சியில் இருந்தால் ஆலை ராஜா. சரிந்தால் ஆண்டி.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அவள் உத்தியோகம். ஒரு பீப்பாய் எண்ணெய் செய்ய என்ன செலவு என்று மாதா மாதம் கூட்டி, ஆபீஸ் சுவரில் தொங்கும் வரைபடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பாள். சந்தையில் கச்சா விலை அந்தக் கோட்டுக்கு மேலே நின்றால் ஆலை பிழைக்கிறது. கீழே போனால், ஓடுகிற ஒவ்வொரு நாளும் நஷ்டம். கோடு போடுகிற அக்கா கோட்டக்கா ஆனாள்.

இதனால் ஆலைக்காரர்கள் குடியிருக்கும் காலனிக்கு ஒரு தலைகீழ் வழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. பெட்ரோல் விலை ஏறினால் உலகம் வயிற்றெரிச்சல் படும். இங்கே மிட்டாய் கொடுப்பார்கள். பெட்ரோல் பங்கில் கூடுதலாகக் காசு கொடுத்துவிட்டு, வண்டிக்காரர்கள் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வருவார்கள். விலை இறங்கிய அன்று தெருவில் எழவு விழுந்த மாதிரி இருக்கும். காலையில் பால்காரர் முன்னால் அவளைப் பார்க்கிறவர்கள், "கோட்டக்கா, இன்னிக்கு மேலயா கீழயா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாத்திரத்தை நீட்டுவார்கள். டாக்ஸிக்காரருக்கு மட்டும் இந்த நியாயம் பிடிபடவே இல்லை. "இந்தத் தெருவுல நான் அழுற அன்னிக்கெல்லாம் மத்தவங்க சிரிக்கிறாங்க. நான் சிரிச்சா என்னை முறைக்கிறாங்க. குடித்தனம் பண்ண வேற இடமா கிடைக்கல எனக்கு?" என்பார்.

அவர் அங்கே குடித்தனம் பண்ண வந்ததே அந்த எண்ணெயால்தான். ஆலையின் முதல் டீசலைச் சோதித்துப் பார்க்க, ஊரிலிருந்த டாக்ஸிகளுக்குச் சும்மா ஊற்றிக் கொடுத்தார்கள். அப்போது அவள் எடைமேடையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு டாக்ஸிக்காரர் ஜன்னலில் வந்து நின்று, "என்னம்மா இது, வாசனையே காணோம். தண்ணியைக் கலந்து எங்க தலையில கட்டறீங்களா?" என்று சண்டைக்கு நின்றார். கரியிலிருந்து செய்த டீசலில் அழுக்கு குறைவு, நாற்றமும் குறைவு. அதையெல்லாம் விளக்க அவளுக்குப் பொறுமை இல்லை. "வாசனை வேணும்னா கொஞ்சம் சென்ட் ஊத்திக்குங்க," என்றாள். அடுத்த வாரம் அவர் சென்ட் பாட்டிலோடு வந்து நின்றார். வண்டிக்கு வாங்கியது இல்லை என்பது அவர் காது சிவந்ததிலேயே தெரிந்தது.

அப்போதே அவள் தனியாள் இல்லை. பெண் பார்க்க வந்தபோது தம்பி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்னைக் கட்டிக்கிறவர் இவனையும் சேத்துத்தான் கட்டிக்கணும்" என்று அவள் சொல்ல, "சீதனமா ஒரு மச்சான். நல்லதுதான்" என்றார் டாக்ஸிக்காரர். அன்றிலிருந்து அவனை மாப்ள என்றுதான் கூப்பிடுகிறார்.

அப்பா அம்மா போன கதை சுருக்கமானது, ஆனால் அவள் அதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அப்பாவும் எண்ணெய் செய்கிற ஆலையில்தான் வேலை பார்த்தார். வேறொரு ஆலை, இதைவிடச் சின்னது. அங்கே கணக்குப் பார்த்தவர் தங்கமான மனிதர். யார் வயிற்றிலும் அடிக்க மனம் வராமல், செலவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒளித்துக்கொண்டே வந்தார். பழுதுபார்க்கும் செலவை அடுத்த வருஷத்தில் தள்ளுவார். கெட்டுப்போன சரக்கை நல்ல சரக்கோடு சேர்ப்பார். தொழிலாளிகள் அவரைக் கண்டால் கும்பிடுவார்கள். உள்ளுக்குள்ளேயே வளர்ந்த நஷ்டம் ஒருநாள் வெளியே வந்தபோது, காலை ஷிப்டுக்குப் போனவர்கள் பூட்டிய கேட்டைப் பார்த்தார்கள். முன்கூட்டியே ஒரு பகுதியை நிறுத்தியிருந்தால் மற்ற பகுதி பிழைத்திருக்கும் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்து, திறக்காத சாப்பாட்டு டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்தான். அதன்பிறகு அவர் நிமிர்ந்து நடந்ததை வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. அவர் போய், ஏங்கி ஏங்கி அம்மாவும் போனபோது, தம்பி இன்னும் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கவில்லை.

அவனை அவள் வயிற்றில் சுமக்கவில்லையே தவிர, மற்ற எல்லாம் செய்தாள். படிக்க வைத்தாள். ஆலையின் இரண்டாவது யூனிட்டில் கொதிகலன் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு விண்ணப்பம் வாங்கி வந்து அவன் கையில் கொடுத்தவளும் அவள்தான். இப்போது அவனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் முதலில் கேட்ட கேள்வி, "மாப்பிள்ளை நிரந்தரம்தானே?" என்பதுதான். அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கு அவன் தனியாக, முதன்முறையாக, போவதாக இருந்தது. அதற்குத்தான் இஸ்திரி.

இந்த நேரம் பார்த்துக் கச்சா விலை சரிந்தது. சில மாதங்களாகவே இறக்கம்தான். செலவு அதிகம் பிடிக்கும் இரண்டாவது யூனிட்டை நிறுத்தலாமா என்ற பேச்சு எழுந்தது. பெரிய மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "ஆலை கட்டின செலவை விட்டுடுங்க. அது ஓடினாலும் அழணும், நின்னாலும் அழணும். நாளைக்கு ஓட்டணும்னா ஒரு பீப்பாய்க்கு என்ன செலவு, அது மட்டும் சொல்லுங்க. திங்கட்கிழமை வேணும்," என்றார். அது சரியான கேள்விதான். அவள் கூட்டிப் பார்த்தாள். நாற்பத்து நான்கு வந்தது. சந்தையில் கச்சா நாற்பத்தாறு. ரெண்டு மேலே. முந்தின நாள் அதைச் சொன்னபோது, தம்பி அக்காவைத் தூக்கிச் சுற்றாத குறை.

ஆனால் அந்த நாற்பத்து நான்கில் கரித்தூளுக்கு விலை பூஜ்யம். உலைக்குக் கட்டிக் கரிதான் ஆகும், தூளைப் போட்டால் உலைக்கு மூச்சு முட்டிவிடும். அதனால் தூளைக் கொதிகலனில் எரித்து நீராவி எடுப்பார்கள். பீப்பாய்க்கு அரை டன் தூள் எரியும். வாங்க ஆளில்லாத குப்பைக்கு என்ன விலை போடுவது என்று, ஆலை தொடங்கிய நாள் முதல் எல்லாரும் பூஜ்யமே போட்டு வந்தார்கள். அவளும் போட்டாள். அது பொய்யும் இல்லை. வீட்டில் சும்மா கிடக்கிற அறையில் பழைய சாமான் அடைத்து வைத்தால் செலவில்லைதான். ஆனால் அந்த அறையை வாடகைக்குக் கேட்டு ஒருவர் வந்துவிட்டால், அன்று முதல் அந்தப் பழைய சாமான் வாடகை தின்கிறது என்று அர்த்தம்.

அந்த ஒருவர்தான் இப்போது எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க சூளைக்காரங்க சங்கத்துல நாப்பது சூளை இருக்கு," என்றார் அவர். "விறகு விக்கிற விலையில செங்கல்லைத் தங்கத்துல சுட்ட மாதிரி ஆகுது. களிமண்ணோட கரித்தூளைப் பிசைஞ்சு சுட்டா விறகு பாதி மிச்சம். கேட்ல விசாரிச்சேன், உங்க முதல் யூனிட்டுக்குப் போக மீதி எவ்வளவு இருந்தாலும் வருஷம் பூரா எடுத்துக்கறோம். இல்லேன்னா இல்லைன்னு சொல்லிடுங்கம்மா, மனசுல வெச்சுக்க மாட்டேன். சாயங்கால வண்டிக்கே வேற சுரங்கத்துக்குப் போயிடறேன்."

விற்கிறதுக்கில்லைங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் ரயிலேறிவிடுவார். பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும்.

"எவ்வளவு குடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டாள். யோசித்துக் கேட்டதில்லை. தாலி கட்டின காலத்திலிருந்து ஆபீஸில் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், மனசுக்கு முன்னால் ஓடிவிட்டது.

"டன்னுக்குப் பத்து."

அவளுக்குக் காகிதம் வேண்டியிருக்கவில்லை. அரை டன்னுக்கு ஐந்து. நாற்பத்து நான்கோடு ஐந்து, நாற்பத்தொன்பது. கோடு சந்தை விலைக்கு மேலே ஏறிவிட்டது. டன்னுக்கு நாலுக்கு மேல் போகிற எந்த விலையும் இரண்டாவது யூனிட்டை நிறுத்திவிடும்.

உள்ளறைத் திரை விலகியது. தம்பி, இன்னும் சூடு ஆறாத சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானைப் போட்டபடியே வந்தான். அதே கணக்கை அவனும் போட்டிருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது. பீப்பாய்க்கு அரை டன் என்பது அவன் கையால் எரிக்கிற அரை டன்.

"வா மாப்ள," என்றார் டாக்ஸிக்காரர். "ஐயா, இவன் என் மச்சான். உங்க தூளை எரிக்கிறவனே இவன்தான்."

"அப்ப நல்லதாப் போச்சு. தூளைப் பத்தி இவரைத்தான் கேக்கணும்."

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேரே உட்கார்ந்தான். "எங்க தூளைக் கையில எடுத்துப் பாத்தீங்களா ஐயா?"

"ரோட்டுல சிந்தியிருந்ததை ஒரு பிடி எடுத்துப் பாத்தேன்."

"அதுல மூணுல ஒரு பங்கு சாம்பல். எரியாது. அதையும் சேத்துத்தான் லாரி வாடகை குடுப்பீங்க."

சூளைக்காரர் தாடையைத் தடவினார். "சாம்பல் செங்கல்லோட போயிடும், கெடுதல் இல்ல. ஆனா சுமை கூலி உண்டுதான். எட்டு வெச்சுக்குங்க."

எட்டு என்றால் நாற்பத்தெட்டு, என்று கோட்டக்கா மனசுக்குள் போட்டாள். சாம்பல் உண்மைதான்.

"கல்லு வேற கலந்திருக்கும். சலிச்சுத்தான் மண்ணுல போடணும். இல்லேன்னா செங்கல் வெடிச்சிடும்."

"கல்லு இருக்கா? சலிக்க ஆள் போடணும். ஏழு."

அதுவும் உண்மை. நாற்பத்தேழரை.

"மாப்ள," என்று டாக்ஸிக்காரர் குறுக்கிட்டார், "நீ எந்தப் பக்கம்? கடைக்கு வந்தவரைக் கடைக்காரனே விரட்டற மாதிரி இருக்கு."

தம்பி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "ஈரம் ஒண்ணு இருக்கு ஐயா. நாலுல ஒரு பங்கு தண்ணி. நாங்களே கொதிகலனுக்குப் போடறதுக்கு முன்னாடி உலத்தித்தான் போடறோம்."

பெரியவரின் கையில் தம்ளர் நின்றது. "நாலுல ஒண்ணா? ரோட்டுல எடுத்தது பொரபொரன்னு இருந்துதே."

"வெயில்ல கிடந்தது காயாம என்ன செய்யும்?"

"அப்படின்னா கதையே வேற தம்பி. தண்ணிக்கா நான் லாரி வெச்சு ஓட்டுவேன்? உலத்துற கொட்டாய் போடணும், ஆள் போடணும். மூணுதான் கட்டும். அதுக்கு மேல ஒரு காசு முடியாது."

மூன்று. நாற்பத்தைந்தரை. யூனிட் நிற்காது. தம்பி மெல்ல மூச்சு விட்டான். பெண் வீட்டுக்குப் போவதற்காக வழவழவென்று சிரைத்திருந்த அவன் கன்னத்தில் வியர்வை கோடு கோடாக இறங்கியது.

கோட்டக்கா எழுந்தாள். "தண்ணி கொண்டு வர்றேன்," என்று சமையலறைக்குப் போனாள். அவன் பின்னாலேயே வந்தான்.

குழாயைத் திறந்துவிட்டு, செம்பை அடியில் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே கேட்டாள். "தூள்ல ஈரம் எவ்வளவுடா?"

"அக்கா, விலை நாலுக்குள்ள இருக்கணும். உனக்கே தெரியும்."

"நான் அதைக் கேக்கல."

குழாய்த் தண்ணீர் செம்பு நிரம்பி வழிந்தது.

"பத்துல ஒண்ணு," என்றான் கடைசியில். "மழைக்காலத்துல கொஞ்சம் கூடும்."

"பத்துல ஒண்ணுன்னு நெனச்சுத்தான் அவரு ஏழு வரைக்கும் வந்தாரு."

"வரட்டும், போகட்டும். மூணுன்னு அவர் வாயாலதானே சொன்னாரு? நீயா சொன்ன? நீ ஒண்ணுமே சொல்ல வேண்டாம். சும்மா உக்காந்திரு, போதும்."

"கொதிகலன்ல அழுத்தம் ஏறுது. அதைக் காட்டுற முள்ளைப் புடிச்சுக் கீழ இழுத்து வெச்சுட்டு சும்மா உக்காந்திருப்பியா?"

"முள்ளு வேற, நான் வேற அக்கா," என்றான் அவன். "இன்னிக்குச் சாயங்காலம் அந்த வீட்டுல போய் உக்காரணும். அவங்க அப்பா கேப்பாரு, வேலையெல்லாம் எப்படிப் போகுதுன்னு. நான் என்ன சொல்ல? கடைசியாச் சேந்தவன் முதல்ல வெளிய போவான், அந்தக் கடைசி ஆளு நான்தான்னு சொல்லவா? இந்த வேலையை நீதான் குடுத்த. நீயே பிடுங்கறியா?"

அவள் குழாயை மூடிச் செம்பை மேடையில் வைத்தாள்.

"ரெண்டாவது நஷ்டத்துல ஓடினா, அதை முதலாவதுதான் தூக்கிச் சுமக்கணும்," என்றாள். "கொஞ்ச நாள் சுமக்கும். அப்புறம் ரெண்டும் ஒண்ணாப் படுத்துக்கும். உன் ஷிப்டுல இருக்கிறவங்க மட்டும் இல்ல, இந்தக் காலனியே தெருவுல நிக்கும். அப்ப நான் போட்ட கோட்டைப் பாத்துத்தான் எல்லாரும் நம்பி உக்காந்திருப்பாங்க."

"கச்சா விலை ஏறிடுச்சுன்னா?"

"ஏறினா நல்லது. ஏறும்னு எனக்குத் தெரியாதுடா. தெரியாததைக் கோடாப் போட முடியாது. தெரிஞ்சதை மறைச்சும் போட முடியாது." செம்பை எடுத்தாள். "சாயங்காலம் நானும் வர்றேன். அவங்க அப்பாகிட்ட நானே சொல்றேன்."

"வந்து?" என்றான் அவன் கசப்பாக. "என் தம்பி ரொம்ப நல்லவன், வேலைதான் இல்லைன்னு சொல்லுவியா?"

"ஆமா. அப்படித்தான் சொல்லுவேன்."

அவன் சுவரோடு சாய்ந்துகொண்டான். அவள் அவனைத் தாண்டி முன்னறைக்கு வந்தாள். செம்பைச் சூளைக்காரர் முன்னால் வைத்தாள்.

"ஐயா, ஈரம் நாலுல ஒண்ணு இல்லைங்க. பத்துல ஒண்ணுதான். மழைக்காலத்துல கொஞ்சம் கூடும். சாம்பலும் கல்லும் தம்பி சொன்ன மாதிரிதான்."

சூளைக்காரர் அவளையும், சமையலறை வாசலில் வந்து நின்ற தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னம்மா இது. நாப்பது வருஷமா யாவாரம் பண்றேன். விக்கிறவங்க வீட்டுல ஒருத்தர் பொருளைத் தாழ்த்தறாரு, ஒருத்தர் உசத்தறாங்க. வீட்டுக்குள்ள பேசி வெச்சுக்கிட்டு வர மாட்டீங்களா? சரி, அப்ப ஏழு. ஏழுன்னா ஏழுதான். உங்களுக்கும் சும்மா எரிஞ்சு போற தூளுக்கு ஒரு வரும்படி. நல்ல விலைதானே?"

"நல்ல விலைதாங்க," என்றாள் கோட்டக்கா.

டாக்ஸிக்காரரின் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கணக்கு அவருக்கு வராது. ஆனால் அந்தத் தெருவில் இத்தனை காலம் குடியிருந்தவர், விலை இறங்கிய நாளில் மனிதர்களின் முகம் எப்படிப் போகும் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவர். மனைவியின் முகத்தைப் பார்த்தார். மச்சானின் முகத்தைப் பார்த்தார்.

"உங்களை ரயிலடியிலயே விட்டிருக்கணும் ஐயா நான்," என்றார்.

"ஏன் டிரைவர், என் முகராசி அவ்வளவு மோசமா?"

"சேச்சே. என் முகராசியைச் சொன்னேன்."

"நாளைக்குக் காலையில ஆபீஸுக்கு வாங்க," என்றாள் அவள். "வருஷம் பூரா எடுப்போம், டன்னுக்கு ஏழுன்னு பெரிய மேனேஜர்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் அந்த விலையைப் போட்டுத்தான் கணக்குக் குடுக்கப்போறேன்."

"அப்ப இன்னிக்கு ராத்திரி லாட்ஜ்லதான் படுக்கை. டிரைவர், மூட்டைப்பூச்சி இல்லாத லாட்ஜாப் பாத்து விடுங்க."

"அப்படி ஒண்ணு இங்க இன்னும் கட்டல. வாங்க, பூச்சி கம்மியான இடமாப் பாப்போம்." டாக்ஸிக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். சமையலறை வாசலில் நின்ற மச்சானின் தோளில் கையை வைத்தார். தோளை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போய் வண்டியைக் கிளப்பினார்.

சூளைக்காரர் வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். தம்பி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஐயா."

"சொல்லு தம்பி."

"தூளைக் கொண்டு போய்க் குமிச்சு வெச்சீங்கன்னா, பொலபொலன்னு விட்டுடாதீங்க. காத்து உள்ள போச்சுன்னா தானாச் சூடேறிப் பத்திக்கும். அடுக்கடுக்காப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் உருளை வெச்சு அழுத்தணும். வாரத்துக்கு ஒரு தடவை கம்பியைக் குத்திப் பாருங்க. கம்பி சுட்டா அந்த இடத்தைத் தோண்டி எடுத்துடணும். பக்கத்துல குடிசை எதுவும் இருக்கக் கூடாது."

பெரியவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "அடப்பாவி. இவ்வளவு வேலை இருக்குன்னு அப்பவே சொல்லியிருந்தா, இன்னும் ரெண்டு மூணு குறைச்சிருப்பேனே."

"அதனாலதான் இப்பச் சொல்றேன்," என்றான் தம்பி.

சூளைக்காரர் மறுபடியும் சிரித்தார். அந்தப் பதில் அவருக்கு வெறும் சாமர்த்தியமாகப் பட்டிருக்க வேண்டும். உள்ளே செம்பைக் கையில் எடுத்தபடி நின்றிருந்த அக்காவுக்கு அப்படிப் படவில்லை; தன் வேலையைத் தின்கிற விலையை அவனே இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டான். அவள் வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"படி வழுக்கும், பாத்து எறங்குங்க," என்றான் தம்பி.

டாக்ஸி தெருமுனையில் திரும்பும் வரை வாசலிலேயே நின்றிருந்தான். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.